ரோன்ஷான் சிற்றாலயம்: அந்தச் சுவரும் கூரையும் எப்படி நிற்கின்றன?

கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரோன்ஷான் தேவாலயத்தை வகுப்பில் 'சிற்பம் மாதிரி கட்டடம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவு தடிச் சுவர், அவ்வளவு கனமான கான்கிரீட் கூரை. ஆனால் உள்ளே எடுத்த படத்தில் கூரை சுவரைத் தொடாமல் மிதக்கிறது. அது எப்படி? எழுபது வருஷத்துக்குள் பழுது வந்துவிட்டது என்கிறார்களே, கான்கிரீட் சரியில்லையா?"

இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான். அந்தக் கட்டடத்தில் கண்ணுக்குத் தெரிகிற கனம் எது, உண்மையில் பாரம் தாங்குவது எது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பழுது எங்கே வரும், ஏன் வரும் என்பது தானாகவே விளங்கிவிடும். சுருக்கமாகச் சொன்னால், தடியாகத் தெரிகிற தெற்குச் சுவர் உள்ளே கூடு. கனமாகத் தெரிகிற கூரையும் கூடு. கல்லால் கட்டிய மற்ற சுவர்கள் தங்களைத் தாங்களே தாங்கி நிற்கின்றனவே ஒழிய, கூரையைத் தாங்கவில்லை. கூரையைத் தாங்குவது சுவருக்குள் ஒளிந்திருக்கும் கான்கிரீட் தூண்கள். இனி விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இடம். ரோன்ஷான் கிழக்கு பிரான்சில், வோஜ் மலைத்தொடரின் தெற்கு விளிம்பில், பெல்ஃபோர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். ஊருக்கு மேலே பூர்லெமோன் குன்று. அதன் உச்சியில் நெடுங்காலமாக மாதா திருத்தலம் ஒன்று இருந்துவருகிறது. நோத்ர தாம் து ஓ, அதாவது உயரத்து அன்னை என்று பெயர். முக்கியத் திருவிழா செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாள். வேளாங்கண்ணிக்கும் அதே நாள்தான். இதை நினைவில் வையுங்கள். கட்டடத்தின் பாதி வடிவத்துக்கு அந்த ஒரு நாள்தான் காரணம். அங்கிருந்த பழைய ஆலயம் 1913-ல் இடி விழுந்து எரிந்தது. மறுபடி கட்டியது 1944 இலையுதிர் காலத்துப் போரில் இடிந்தது. போருக்குப் பின், இடிந்ததைச் செப்பனிடலாமா, புதிதாகக் கட்டலாமா என்று பேச்சு நடந்தபோது, பெசான்சோன் மறைமாவட்டத் திருக்கலை ஆணைக்குழுவிலிருந்த லூசியன் லெதர் என்ற குருவானவர் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியேயின் பெயரைச் சொன்னார். டொமினிக்கன் துறவி மரி-அலென் கூத்தூரியே அதற்குத் துணை நின்றார். லெ கார்பூசியே முதலில் மறுத்தார். தெற்கு பிரான்சில் லா சேன்த்-போம் என்ற இடத்துக்கு அவர் வரைந்திருந்த திட்டத்தைத் திருச்சபை அதிகாரிகள் ஏற்காமல் விட்ட கசப்பு அவருக்கு இருந்தது. ஆனாலும் 1950 ஜூனில் குன்றின் மேல் ஏறிப் பார்த்து, நான்கு திசையிலும் விரியும் அடிவானத்தைக் குறிப்பேட்டில் வரைந்த பிறகு ஒப்புக்கொண்டார். கட்டுமானம் 1953-ல் தொடங்கியது. 1955 ஜூன் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கூத்தூரியே அதற்கு முன்பே, 1954-ல், இறந்துவிட்டார்.

இனி கட்டுமானம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் குன்றின் பாதை. அந்தக் காலத்தில் மேலே கனரக வண்டி போகத் தகுந்த சாலை இல்லை. இரும்பு உத்தரமோ வெட்டிய கல்லோ ஏற்றிக்கொண்டு போவது நடக்காத காரியம். சிமெண்டும் மணலும்தான் ஏற்றலாம். அங்கேயே குவிந்து கிடந்தது இடிந்த ஆலயத்தின் கல். ஆனால் அது நெருப்பில் வெந்து உறைபனியில் வெடித்த கல். அதைச் சுவருக்குள் நிரப்பலாம். கூரைப் பாரத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது. லெ கார்பூசியேயே இப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆக, கல் நிரப்புவதற்கு, கான்கிரீட் தாங்குவதற்கு என்ற பிரிவினை, தொடக்கத்திலேயே பொருள் தட்டுப்பாட்டால் வந்தது. அழகுக்காக எடுத்த முடிவு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

கல் சுவர்கள் ஏன் வளைந்திருக்கின்றன என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஓர் அஞ்சலட்டையை மேசைமேல் நேராக நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். லேசாக வளைத்து நிறுத்தினால் நிற்கும், பக்கத்திலிருந்து ஊதினாலும் தாங்கும். அதேபோல, கரடுமுரடான பழைய கல்லை வைத்து உயரமாகக் கட்டும்போது, பக்கச் சாய்வைத் தடுக்க ஒன்று முட்டுச்சுவர் வேண்டும், இல்லையென்றால் சுவரே வளைய வேண்டும். இங்கே சுவர் வளைகிறது. வெளியே குழிந்தும் குவிந்தும் தெரிகிற கோடுகள் அதனால் இரட்டை வேலை செய்கின்றன.

தெற்குச் சுவர்தான் உலகமெல்லாம் படத்தில் பார்க்கிற சுவர். சின்னதும் பெரியதுமாகச் சன்னல்கள் சிதறிக் கிடக்கும். அடியில் ஒரு முனையில் மூன்றரை மீட்டருக்கும் அதிகத் தடிமன். மறுமுனைக்குப் போகப் போக, மேலே ஏற ஏற மெலிகிறது. இதைப் பார்த்து கோட்டைச் சுவர் என்று நினைத்தால் தவறு. உள்ளே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தூண்களும் பீம்களும் கொண்ட சட்டகம் நிற்கிறது. அதன் இரு பக்கமும் கம்பிவலை இழுத்துக் கட்டி, அதன்மேல் குனைட் அடித்திருக்கிறார்கள். மேலே வெள்ளை. இரு தோல்களுக்கும் நடுவில் பெரும்பகுதி வெற்றிடம். சன்னல் குழிகள் உள்பக்கம் அகன்றும் வெளிப்பக்கம் குறுகியும், சில தலைகீழாகவும், ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் சரிந்திருப்பதற்கு இந்த அமைப்புதான் வழிவிடுகிறது. திடமான கல் சுவரில் அப்படிக் குடைய முடியாது. சட்டகத்துக்கு நடுவே வலையை வளைத்துக் கட்டுவது சுலபம்.

குனைட் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை. சிமெண்டும் மணலும் உலர்ந்த நிலையில் கலந்து, அழுத்தக் காற்றால் ஹோஸ் வழியே தள்ளுவார்கள். நாசில் முனையில்தான் தண்ணீர் சேரும். அங்கிருந்து சுவரில் மோதி ஒட்டும். நாசிலைச் சுவருக்கு நேர் செங்குத்தாக, சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கம்பிக்குப் பின்னால் நிழல் விழுந்த மாதிரி ஒரு பொந்து உருவாகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மோதியதில் ஒரு பங்கு தெறித்து விழும். நேர்ச்சுவரில் ஆறில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரைகூடப் போகும். தெறித்ததில் மணல் அதிகம், சிமெண்ட் குறைவு. அதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். மூலைகளில் அது தங்கி, மேலே புதிதாக அடித்து மூடிவிட்டால், அந்த இடம் பிறகு உப்பி விழும். முடித்தபின் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பரப்பை மட்டக்கட்டை போட்டு இழுக்காமல் அடித்தபடியே விட்டதால்தான் ரோன்ஷான் சுவருக்கு அந்தச் சொரசொரப்பு. பக்கவாட்டு வெயில் படும்போது அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு மணிக்கும் குட்டி நிழல் விழும். வெள்ளைச் சுவர் வெறுமையாகத் தெரியாமல் இருக்க அதுவே காரணம்.

கூரைக்கு வருவோம். அது நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் பொறுக்கிய ஒரு நண்டு ஓட்டிலிருந்து பிறந்தது என்று லெ கார்பூசியே எழுதினார். ஓட்டின் மேல் ஏறி நின்றாலும் அது உடையாத வலு அவரை ஈர்த்தது. கூரை, நண்டு ஓடு மாதிரி மெல்லிய இரண்டு கான்கிரீட் ஓடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் 6 செ.மீ. தடிமன். இரண்டுக்கும் நடுவில் 2.26 மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் குறுக்கு உத்தரங்கள் ஓடி இரண்டையும் பிணைக்கின்றன. விமான இறக்கையை நடுவில் வெட்டிப் பார்த்தால் தெரிகிற அமைப்பு இதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஓடும் சேர்ந்து 12 செ.மீ. கான்கிரீட். கம்பி போட்ட கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. அப்படியானால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. நம் ஊர் வீட்டில் போடுகிற ஐந்து அங்குல மொட்டைமாடி தளத்துக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான். நடுவிலுள்ள உத்தரங்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அந்தக் கூரை வெளியில் தெரிகிற மாதிரி உண்மையிலேயே 2.26 மீட்டர் திடக் கான்கிரீட்டாக இருந்திருந்தால், சதுர மீட்டருக்கு 5,650 கிலோ வந்திருக்கும். எந்தத் தூணும் அந்த அகலத்துக்கு அதைத் தாங்கியிருக்காது. கண்ணுக்குப் பாறை, கணக்கில் மொட்டைமாடி. கட்டடத்தின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். 2.26 என்ற எண்ணும் தற்செயல் கிடையாது. லெ கார்பூசியேயின் மொடுலோர் அளவுமுறையில், 1.83 மீட்டர் உயர மனிதன் கையைத் தூக்கினால் விரல் நுனி எட்டுகிற உயரம் அது.

இப்போது நீங்கள் படத்தில் பார்த்த மிதப்பு. தெற்கு, கிழக்குப் பக்கங்களில் சுவரின் தலைக்கும் கூரையின் அடிக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதில் கண்ணாடி. சுவருக்குள் இருக்கும் தூண்கள் மட்டும் அந்த இடைவெளியைக் கடந்து மேலே போய்க் கூரையைத் தொடுகின்றன. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்பதால் அந்தக் கோடு பளிச்சென்று எரியும். நடுவே வருகிற குட்டித் தூண்களைக் கண் கவனிக்காது. சுவர் கூரையைத் தாங்கவில்லை என்ற உண்மையைக் கட்டடம் அந்தப் பத்து சென்டிமீட்டரில் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. ஆகவே இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே போய்த் தலையைத் தூக்கினால் விடை எழுதித்தான் இருக்கிறது.

நான்கு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். தெற்கிலும் கிழக்கிலும் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீள்கிறது. வடக்கிலும் மேற்கிலும் சுவர் கூரைக்கு மேலே ஏறி அதை மறைத்துவிடுகிறது. கிழக்கில் கூரை நீண்டிருப்பதற்குக் காரணம் செப்டம்பர் 8. உள்ளே சுமார் இருநூறு பேருக்குத்தான் இடம். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதனால் கிழக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில், கூரை நிழலில், இன்னொரு பீடம், பிரசங்க மேடை, பாடகர் மேடை எல்லாம் அமைத்து, புல்வெளியையே கோயிலாக்கியிருக்கிறார். பழைய ஆலயத்தின் மாதா சுரூபம் கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை உட்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பலாம். சாதாரண நாளில் உள்ளே இருப்பவர்களைப் பார்க்கும்; திருவிழாவன்று வெளியே நிற்கிற கூட்டத்தைப் பார்க்கும். சிறிய சிற்றாலயம், பெரிய திருத்தலம் என்ற முரணுக்கு இதைவிட நேர்த்தியான விடை எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

மேற்குப் பக்கம் தண்ணீருக்கு. கூரை முழுவதும் மேற்கே சரிகிறது. எல்லா மழைநீரும் ஒரே இடத்தில் சேர்ந்து, இரட்டைத் துளையுள்ள ஒரு தூம்பு வழியாகச் சுவரிலிருந்து தள்ளிப் பாய்ந்து, கீழே கான்கிரீட் தொட்டியில் விழும். மேலே நீர் கிடைப்பது அரிது என்பதால் சேமிப்பும் அதோடு சேர்ந்தது. சுவருக்குள் ஒளித்த குழாய் கிடையாது. பராமரிப்பு செய்பவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் அடைத்தால் உடனே கண்ணில் தெரியும். அதே சமயம், வழி ஒன்றே ஒன்றுதான். இலையும் பனிக்கட்டியும் அடைத்துக்கொண்டால் முழுக் கூரையின் தண்ணீரும் தேங்கும். இப்படி ஒரே வாய் வைத்த கூரைகளில், மழைக்காலத்துக்கு முன் அந்த வாயைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

உள்ளே தரையும் சமதளமாக இல்லை. குன்றின் இயற்கைச் சரிவை அப்படியே விட்டு, பீடத்தை நோக்கி இறங்குகிறது. மூன்று கோபுரங்களும் உண்மையில் மூன்று சிறு பீட அறைகளின் மேலே சுருண்டு எழுந்த ஒளிக்குழாய்கள். மேலே ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் நுழையும். சொரசொரச் சுவரில் பட்டு வழிந்து, கீழே பீடத்தின்மேல் மென்மையாக இறங்கும். சின்னக் கோபுரங்கள் இரண்டும் முதுகோடு முதுகாக, ஒன்று காலை வெயிலையும் ஒன்று மாலை வெயிலையும் பார்க்கின்றன. பெரியது வடக்கைப் பார்க்கிறது. சின்ன அறைகளில் ஒன்றின் உட்புறம் முழுக்கச் சிவப்பு. இளைஞராக 1911-ல் ரோமுக்கு அருகே ஹாட்ரியன் மாளிகை இடிபாடுகளில், மேலிருந்து ஒளி இறங்கும் ஒரு குகையை லெ கார்பூசியே வரைந்து வைத்திருந்தார். நாற்பது வருஷம் கழித்து அது இங்கே பயன்பட்டது.

தெற்குச் சுவர்ச் சன்னல்களில் ஈயச் சட்டத்தில் கோத்த வண்ணக் கண்ணாடி ஓவியம் இல்லை. தெளிந்த கண்ணாடி, இடையிடையே வண்ணக் கண்ணாடி. மேகமும் இலை அசைவும் உள்ளிருந்தே தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினார். சிலவற்றில் தன் கையாலேயே எழுதினார், வரைந்தார். 'மரியே வாழ்க', 'விடியற்காலத்தின் நட்சத்திரம்' என்று நமக்குச் செபமாலையிலும் மாதா பிரார்த்தனையிலும் பழகிய சொற்கள்தான், பிரெஞ்சில், கொஞ்சம் கோணலான கையெழுத்தில். 2014 ஜனவரியில் உள்ளே புகுந்த யாரோ உடைத்ததில், அவர் நிலா வரைந்திருந்த கண்ணாடி போய்விட்டது. கான்கிரீட்டைத் திரும்ப வார்க்கலாம். அந்தத் தூரிகைக் கோட்டைத் திரும்பப் பெற வழியில்லை.

இனி பழுது. கான்கிரீட் சரியில்லையா என்று கேட்டீர்கள். 1950-களில் எல்லா நாட்டிலும் கட்டிய மெல்லிய கான்கிரீட் கட்டடங்களுக்கு வருகிற வியாதிதான் இங்கேயும். புதுக் கான்கிரீட் கடுமையான காரம், அதன் பி.ஹெச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊறி, சுண்ணாம்போடு சேர்ந்து, காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 9-க்குக் கீழே இறங்கிவிட்டால் படலம் போய்விடும். பிறகு ஈரம் போதும், துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அந்த விரிவுதான் மேலே இருக்கிற கவரை, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை, உடைத்துத் தள்ளுகிறது.

இந்த ஊறல் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நடக்கும். பத்து வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர் போயிருந்தால், இரண்டு சென்டிமீட்டர் போக நாற்பது வருஷம். இப்போது 6 செ.மீ. ஓட்டை நினையுங்கள். கம்பியை நட்டநடுவில் வைத்தாலும் ஒரு பக்கம் கவர் இரண்டரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். வேலை நடக்கும்போது கம்பி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டால் பாதிக்கு மேல் ஆயுள் போச்சு. குனைட் தோலில் கவர் இன்னும் குறைவு. அதோடு வோஜ் பக்கத்துக் குளிர். சொரசொரப்பான பரப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரியும். ஒவ்வொரு குளிர்காலமும் மயிரிழை விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கும். கோபுரங்களுக்கு இறவாணமும் இல்லை, நீர்ச்சொட்டு விளிம்பும் இல்லை. மழை உச்சியிலிருந்து அடிவரை முகத்திலேயே வழியும். பாசியும் கறுப்புக் கோடும் அங்கேதான் முதலில் வரும். கூரை நிழலில் இருக்கும் தெற்கும் கிழக்கும் ஒப்பிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆக, வடிவத்தைப் பார்த்தே பழுதின் வரைபடத்தைச் சொல்லிவிடலாம். அண்மை ஆண்டுகளில் அங்கே வெளிச்சுவர்களுக்கும் கோபுரங்களுக்கும் பெரிய சீரமைப்பு தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இப்படிப்பட்ட சுவரைச் சோதிக்கும் முறை எளியது. சின்னச் சுத்தியலால் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். திடமான இடம் 'டக்' என்று பதில் சொல்லும். தோல் பிரிந்த இடம் பானையைத் தட்டின மாதிரி ஒலிக்கும். சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒரு சிறு துண்டை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கிற பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். இளஞ்சிவப்புக் கோடு கம்பிக்கு வெளியே இருந்தால் அவகாசம் இருக்கிறது. கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் இல்லை. தளர்ந்ததை வெட்டும்போது கம்பிக்குப் பின்னாலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தோண்ட வேண்டும். முன்பக்கத்தை மட்டும் சுரண்டி மேலே பூசினால், சில வருஷத்தில் அதே இடம் மறுபடி பிளக்கும். ஒட்டுப்போடும் சாந்து பழையதைவிட மிக வலுவாகவும் இருக்கக் கூடாது. வலுவான ஒட்டு சுருங்கும்போது பக்கத்திலுள்ள பழைய தோலையும் பிய்த்துக்கொண்டு வரும்.

நடைமுறையில் நான் மிகவும் அஞ்சுவது பெயிண்ட்டைப் பார்த்துத்தான். ரோன்ஷானின் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்பு மூச்சுவிடும், உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். வெள்ளை மங்கிவிட்டதே என்று பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்ட்டையோ நீர்புகாப் பூச்சையோ அடித்தால், முதல் இரண்டு வருஷம் பளபளக்கும். பிறகு ஏதாவது ஒரு விரிசல் வழியே போன தண்ணீர் வெளியேற முடியாமல் தோலுக்குப் பின்னால் தங்கி, துருவுக்கும் உறைபனிக்கும் துணைபோகும். பழைய கல் கோயில்களிலும் சிமெண்ட் பூசி இதே தவறைச் செய்கிறார்கள்.

சில விஷயங்களில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கூரையைப் பார்த்துக் கப்பல், கூப்பிய கை, கன்னியர் தலைச்சீலை, வாத்து என்று பலரும் பல உருவம் சொல்வார்கள். இவை பார்ப்பவரின் வாசிப்பு. வடிவமைத்தவர் வாயால் சொன்னது நண்டு ஓடும், சுற்றியுள்ள நிலவெளிக்கு மறுமொழி சொல்லும் வடிவமும்தான். தேர்வில் எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள். தெற்குச் சுவர்ச் சன்னல்கள் மொடுலோர் கணக்குப்படி அமைந்தவையா, கண்ணளவில் வைத்தவையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தரைக் கோடுகளில் அந்த அளவுமுறை தெளிவாகத் தெரிகிறது. சன்னல்களை ஒரே விதிக்குள் அடக்கும் முயற்சிகள் என்னை முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையைப் புதுப்பித்த ஆயர்கள் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவு இந்த ஆலயம் என்று சிலர் எழுதுவது மட்டும் நிச்சயமாகத் தவறு. சங்கம் கூடியது 1962-ல். ஆலயம் அதற்கு ஏழு வருஷம் முந்தியது. சொல்லப்போனால், 1952-ல் ரோமிலிருந்து வந்த திருக்கலை பற்றிய அறிவுரை புதுமைக் கலைஞர்களைப் பற்றி எச்சரிக்கையோடுதான் பேசியது. அந்தச் சூழலில் ஒரு மறைமாவட்டம் இதை அனுமதித்தது துணிச்சல். கட்டடக்கலை உலகத்துக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் 1956-லேயே, பகுத்தறிவுக் கட்டடக்கலையின் முன்னோடி இப்படித் திரும்பிவிட்டாரே என்று கேள்வி எழுப்பினார். மேலே சொன்ன கட்டுமானக் கணக்கைப் பார்த்தால், பகுத்தறிவு எங்கும் போகவில்லை, தோலுக்கு உள்ளே போயிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இந்தியத் தொடர்பும் ஒன்று உண்டு. லெ கார்பூசியே 1951-ல் முதன்முதலாக இந்தியா வந்தார். ரோன்ஷான் மேசைமேல் இருந்த அதே வருஷங்களில் சண்டிகரும் மேசைமேல் இருந்தது. சண்டிகர் உயர் நீதிமன்றத்தின் குடைபோன்ற கூரை, அதிலிருந்து மழைநீரைக் காட்சியாக்கி வெளியேற்றும் விதம், இவற்றை ரோன்ஷானோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள உறவு தெரியும். 2016-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏழு நாடுகளிலுள்ள அவருடைய 17 பணிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, ரோன்ஷானும் சண்டிகரின் கேப்பிட்டல் அரசுக் கட்டட வளாகமும் அதே தொகுதியில் இடம்பெற்றன. பின்னால் வந்த சேர்க்கைகள் இரண்டு. 1975-ல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜான் புரூவே அமைத்த மணிகள், ஆலயத்துக்குத் தள்ளி எளிய உலோகச் சட்டத்தில் தொங்குகின்றன. 2011-ல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ குன்றின் சரிவுக்குள் புதைத்தாற்போலக் கட்டிய கிளாரா சபைக் கன்னியர் மடமும் வரவேற்பு வாயிலும் உள்ளன. குன்றைக் கெடுத்துவிடும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. மேலே ஆலயத்தருகே நின்றால் மடம் கண்ணில் படாதபடி கீழே இறக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். தெற்குச் சுவரை உள்ளடக்கி வடக்கு-தெற்காக ஒரு குறுக்குவெட்டை 1:50 அளவில் வரையுங்கள். அந்த அளவில் 6 செ.மீ. ஓடு ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், 10 செ.மீ. இடைவெளி இரண்டு மில்லிமீட்டர், ஓடுகளுக்கு நடுவிலுள்ள இடம் நாலரை சென்டிமீட்டர். பாரம் தாங்கும் கான்கிரீட்டை மட்டும் அடர் கறுப்பில் நிரப்புங்கள். தோலைக் கோடாக விடுங்கள். கல் நிரப்பிய வடக்குச் சுவரைப் புள்ளி போட்டுக் காட்டுங்கள். பிறகு நீல நிறத்தில், ஒரு மழைத்துளி கூரைமேல் விழுந்தால் எந்த வழியாகப் போகும், கோபுரத்தின் உச்சியில் விழுந்தால் எந்த வழியாகப் போகும் என்று இரண்டு கோடு இழுங்கள். இரண்டாவது கோடு சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற இடமெல்லாம் சிவப்பில் வட்டம் போடுங்கள்.